2001ஆம் ஆண்டு மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறேன்: பயணத்துக்கு முன் எதைக் கற்பது?

வடலி | ஏப்ரல் 21

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை கனடாவின் பீற்றர்பரோவுக்கு அப்பாலுள்ள ஒரு பண்ணைவீட்டில், உள்ளேயே சமைத்துத் தூங்கக்கூடிய 24 அடி நீளமான பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, ஏஜாக்ஸில் எங்கள் வீட்டு முன்றலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். 2001ஆம் ஆண்டு, போர்ட் ஈ-450 அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது, 6.8 லீற்றர் வி-10 எஞ்சின். இதுவரை 118,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. சாரதியின் தலைக்கு மேலே ஒரு கட்டிலும் பின்புறத்தில் ஒரு கட்டிலும் உண்டு. நடுவிலுள்ள மேசையை இறக்கினால் இன்னும் இருவர் படுக்கலாம். விற்றவர் கடைசி நான்கு ஆண்டுகளாக அதை எங்கும் கொண்டுபோகவில்லை என்று நேர்மையாகவே சொன்னார். எஞ்சின் உடனே பற்றியது, உள்ளே நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார்கள், விலையும் எங்களுக்குக் கட்டுப்படியானது.

அம்மாவுக்கு 71 வயது. கூடாரத்தில் தரையில் படுத்து எழும்ப அவருடைய முழங்கால் இடம்கொடாது. ஆனால் பிள்ளைகளோடு காட்டில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த விருப்பத்துக்காகவே இதை வாங்கினோம். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்னரே இடம் பதியலாம் என்பதால், வாகனம் கைக்கு வரும் முன்பே பெப்ரவரியில் சாண்ட்பாங்ஸ் பூங்காவில் யூலை நடுப்பகுதிக்கு நான்கு இரவுகள் பதிந்தும் விட்டேன்.

இப்போது உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு விதமான மின்சாரம், புரோப்பேன் வாயு, மூன்று நீர்த்தொட்டிகள், ஒரு ஜெனரேற்றர், ஒரு பை நிறையக் கையேடுகள் என்று இருக்கின்றன. கார் தவிர வேறெதையும் ஓட்டியோ பராமரித்தோ எனக்குப் பழக்கமில்லை. எதில் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நெடுஞ்சாலை | ஏப்ரல் 21

தம்பி, வாழ்த்துகள். நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாரவூர்தி ஓட்டுபவன். மோட்டார்ஹோமும் ஆறு ஆண்டுகள் வைத்திருந்தேன். முதலில் ரயர்களைப் பாருங்கள். பழைய மோட்டார்ஹோமின் ரயர் தேய்ந்து பழுதாவதில்லை, நின்ற இடத்திலேயே மூப்படைந்து பழுதாகும். மேலே பள்ளம் முழுதாக இருக்கும், பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கும். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3512 என்று இருந்தால் 2012ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். இந்த இலக்கங்கள் பெரும்பாலும் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும்; வெளியே தெரியாவிட்டால் அட்டை விரித்து, கைவிளக்கோடு வாகனத்தின் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆறு ஆண்டுகளைத் தாண்டியதை ஆண்டுதோறும் நல்ல கண்களால் பரிசோதிக்க வேண்டும்; பத்தைத் தொட்டது எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதில் உங்கள் தாயாரை ஏற்ற வேண்டாம்.

உங்களுடையதற்குப் பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சில்லுகள். உட்புறச் சில்லில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து தெரியாது. வெளிச் சில்லு தனியாகச் சுமந்து, சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கும். உள்வால்வுக்குக் கை எட்டுமாறு ஒரு நீட்டிப்புக் குழாய் போட்டு, புறப்படும் ஒவ்வொரு காலையும் ஆறு சில்லுகளையும் அளந்து பாருங்கள். அளவு எவ்வளவு என்பது சாரதிக் கதவருகே ஒட்டப்பட்ட சீட்டில் இருக்கிறது.

அடுத்தது பிரேக். நான்கு ஆண்டுகள் நின்றிருந்தால் பிரேக் எண்ணெய் ஈரம் உறிஞ்சியிருக்கும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் மிதி தரைவரை போகும். அதை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் மாற்றுவதென்றால் இந்த எஞ்சினை அறிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். அந்த ஆண்டுகளின் சிலிண்டர் தலையில் பிளக்கைப் பிடிக்கும் மரைகள் குறைவு, இறுக்கத்தின் அளவு பிசகக்கூடாது.

கரிசல் | ஏப்ரல் 22

வணக்கம் வடலி. நான் கோவில்பட்டிக்காரன்; பிராம்ப்டனில் மின்பொறியாளராக வேலை பார்க்கிறேன். எட்டு வருடமாக இதைவிடப் பழைய வண்டி ஒன்றை வைத்திருக்கிறேன். மின்சாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் வண்டிக்குள் இருப்பவை ஒன்றோடொன்று கலக்காத இரண்டு உலகங்கள். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி, வாயுக்கசிவு எச்சரிக்கை மணி இவையெல்லாம் பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டில் ஓடுபவை. ஏ.சி., மைக்ரோவேவ், சுவரிலுள்ள பிளக்குகள் ஆகியவை 120 வோல்ட். வெளி இணைப்போ ஜெனரேட்டரோ இருந்தால்தான் அவை ஓடும். கன்வெர்ட்டர் என்னும் பெட்டி 120 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாக்கி பேட்டரியை நிரப்புகிறது. ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், அது எந்த உலகத்தைச் சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள்; பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில மணி நேரம் எதையும் இயக்காமல் விட்டு பேட்டரியை அளந்தால், 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடியும்.

உங்களுடையது 30 ஆம்பியர் வண்டியாக இருக்கும். 120 வோல்ட்டை 30ஆல் பெருக்கினால் 3,600 வாட், அவ்வளவுதான் மொத்தக் கையிருப்பு. 1,500 வாட் கெட்டில் ஒன்றே 12.5 ஆம்பியர் எடுக்கும், கூரையிலுள்ள ஏ.சி.யும் ஏறக்குறைய அதே அளவு எடுக்கும். இவை இரண்டும் ஓடும்போது சோற்றுக்குக் குக்கரைப் போட்டால் பிரேக்கர் விழும். தேநீர் வைக்கும்போது ஏ.சி.யை நிறுத்தும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. வீட்டில் இதற்கென்று தனி இணைப்பு வைக்கப்போகிறீர்கள் என்றால், டிடி-30 எனப்படும் அந்த மூன்று முள் இணைப்பு 120 வோல்ட்டுக்கானது என்பதை மின்பணியாளரிடம் எழுதியே கொடுங்கள். 30 ஆம்பியர் என்றதும் துணி உலர்த்தும் இயந்திரத்தின் 240 வோல்ட் இணைப்பை மனதில் வைத்து வேலை செய்துவிடுகிறவர்கள் உண்டு. என் நண்பர் ஒருவருடைய வீட்டில் அப்படித்தான் நடந்தது. செருகிய நொடியில் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், பிரிட்ஜின் மின்பலகை மூன்றும் கருகின. புதிய இணைப்பை மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் வண்டியைச் செருகவே கூடாது.

ஏரிக்கரை | ஏப்ரல் 22

தம்பி வடலி, மேலே இரண்டு அண்ணன்மாரும் சொன்னவை அத்தனையும் சரி. ஆனால் ரயரும் பற்றரியும் காசு கொடுத்தால் ஒரு நாளில் புதிதாகிவிடும். இந்த வயதுடைய மோட்டார்ஹோமைக் கொல்வது மழைநீர். அதைப் பதினொரு ஆண்டுகளாக இரண்டு வாகனங்களில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எங்கள் முதல் வாகனத்தை நாங்கள் இழந்ததே ஒழுக்கினால்தான். ஆகவே இந்த வார இறுதியில் வேறு எதையும் தொட வேண்டாம், ஒழுக்கை மட்டும் தேடுங்கள்.

இந்த வகை வாகனத்தில் தண்ணீர் முதலில் புகும் இடம் சாரதியின் மேலுள்ள கட்டில்தான். காற்றும் மழையும் நேராக அங்கேதான் மோதுகின்றன. நெற்றியில் ஐந்து சிறு விளக்குகள் இருக்கின்றன அல்லவா, அவை ஒவ்வொன்றும் சுவரில் துளையிட்டுப் பொருத்தப்பட்டவை, ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். மெத்தையை வெளியே எடுத்துவிட்டு, அதன் கீழுள்ள பலகையின் இரண்டு முன்மூலைகளையும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை விரலை எதிர்க்கும். உக்கியது விரலுக்கு இடம்கொடுக்கும். மூக்கையும் நம்புங்கள், பூட்டிவைத்த பெட்டகத்தின் வாசம் அடித்தால் எங்கோ ஈரம் இருக்கிறது. ஈரமானி ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது. மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழ் காட்டினால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் உள்ளே திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

அதன்பின் ஏணி வைத்துக் கூரைக்குப் போங்கள். எழுந்து நடக்காமல், ஓர் ஒட்டுப்பலகையைப் போட்டு அதன்மேல் முழங்காலில் நகருங்கள். காற்றுப்போக்கி, ஏ.சி., கழிவுத்தொட்டியின் புகைபோக்கிக் குழாய் என்று கூரையைத் துளைத்து நிற்கும் ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு இருந்தவர்கள் சிலிக்கோன் பூசியிருந்தால் அதை முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். சிலிக்கோனின் மேல் வேறெந்தப் பூச்சும் ஒட்டாது. கூரை இ.பி.டி.எம். ரப்பராக இருந்தால் பெற்றோலியம் கலந்த எந்தத் துப்புரவுத் திரவத்தையும் அதில் ஊற்ற வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

வடலி | ஏப்ரல் 28

அக்கா சொன்னபடியே செய்தேன். இதை எழுதும்போது மனம் கனமாகத்தான் இருக்கிறது.

வலது மூலை உறுதியாக இருந்தது. இடது மூலையில் பெருவிரலை வைத்ததும் பலகை மெல்ல உள்ளே போனது. ஈரமானி வலப்பக்கம் 12 காட்டியது, இடப்பக்கம் 31. வெளியே ஏணியில் ஏறி, இடது ஓரத்து விளக்கைக் கழற்ற முயன்றேன். திருகாணி திருகவே இல்லை. இரண்டு விரல்களால் இழுத்தபோது அப்படியே கையோடு வந்தது. முனை துருவேறிப் பென்சில் கூர் போலத் தேய்ந்திருந்தது, அதோடு வந்த மரம் ஈரத் தேயிலைச் சக்கை போல விரலிடுக்கில் உதிர்ந்தது. அந்தத் துளையினூடாகக் கைவிளக்கை அடித்தால் உள்ளே கறுத்துப்போன சட்டம் ஒன்று தெரிகிறது. உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் பூப்போட்ட தாள் அண்மையில்தான் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

ரயர்களின் இலக்கங்களையும் பார்த்தேன். முன்னிரண்டும் 2019ஆம் ஆண்டினுடையவை. பின்னால் நான்கும் 2011.

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 28

மன்னிக்க வேண்டும் வடலி, கசப்பாக இருந்தாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விற்றுவிடுங்கள், அல்லது குறைபாட்டைத் தெளிவாகச் சொல்லி உதிரிப்பாகங்களுக்காக வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆண்டில் மூன்று வாரம் பயன்படுத்தப்போகும் ஒரு வாகனத்துக்கு ஆண்டு முழுவதும் காப்புறுதி கட்ட வேண்டும், குளிர்காலத்தில் பாதுகாக்க வேண்டும். இந்த எஞ்சின் நூறு கிலோமீற்றருக்கு 28, 30 லீற்றர் பெற்றோல் குடிக்கும். நான்கு ரயர், பிரேக் வேலை, இப்போது முன்சுவர் என்று சேர்த்தால் நீங்கள் கொடுத்த விலையில் ஒரு பெரும் பங்கு இன்னொரு முறை போய்விடும். அந்தப் பணத்தில் பல ஆண்டுகளுக்குக் கோடைதோறும் ஒரு வாரம் நல்ல மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுக்கலாம். பழுதானால் அது வாடகைக்குக் கொடுத்தவருடைய கவலை. அம்மாவின் விருப்பம் நிறைவேற வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், இந்தக் கோடையிலேயே அதற்கு உறுதியான வழி வாடகைதான்.

ஏரிக்கரை | ஏப்ரல் 29

கணக்குப்பிள்ளை அண்ணாவின் கணக்கில் பிழையில்லை. மூன்று வாரத்துக்கு மட்டும்தான் என்றால், வேலை செய்ய நேரமும் கையும் இல்லையென்றால், வாடகைதான் சரி. அதை வெட்கமில்லாமல் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒழுக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்மூலை மட்டும் உக்கியிருந்தால் அது ஒருவர் மூன்று வார இறுதிகளில் செய்யக்கூடிய வேலை. பக்கச் சுவர் வெளியே புடைத்திருந்தாலோ, தரை மெத்தென்று அமிழ்ந்தாலோ, நானும் விற்றுவிடச் சொல்வேன். எங்கள் முதல் வாகனத்தில் தண்ணீர் தரைவரை இறங்கியிருந்தது. அதைத் திருத்தப் போய் ஒரு கோடை முழுவதையும் இழந்தோம்.

தம்பி, உள்பக்கத் தாளையும் மென்பலகையையும் இடது மூலையிலிருந்து கத்தியால் வெட்டித் திறந்து, நல்ல மரம் தென்படும்வரை போங்கள். எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். மழைக்கு முன் வெளியே ஒரு தறப்பாளைக் கட்டிவிடுங்கள்.

வடலி | ஜூன் 9

ஆறு வாரமாக எழுதாததற்கு மன்னியுங்கள். உக்கல் கட்டிலின் இடது முன்மூலையிலிருந்து 70 சென்ரிமீற்றர் போய் நின்றிருந்தது. பக்கச் சுவர் தட்டினால் கணீரென்றது, தரை உறுதி. ஆகவே திருத்துவது என்று முடிவெடுத்தேன்.

வேலை இப்படி நடந்தது. உக்கிய சட்டங்கள் மூன்றையும் வெட்டியெடுத்து, மீதியை இரண்டு வாரம் விசிறி வைத்து உலரவிட்டேன். ஈரமானி 13க்கு இறங்கும்வரை புதிய மரம் எதையும் வைக்கவில்லை. புதுச் சட்டங்களைப் பழையவற்றோடு பசையும் திருகாணியும் போட்டு இணைத்தேன். வெளியே மூலையை மூடியிருந்த அலுமினியப் பட்டையை முழு நீளத்துக்கும் கழற்றினேன். அதன் கீழிருந்த பழைய பூச்சு காய்ந்து, பிஸ்கற் போல நொறுங்கிக் கிடந்தது. இருபத்தைந்து அடி வேலையில் மிகக் கூடுதலான நேரம் அதைச் சுரண்டுவதற்கே போனது. பிறகு பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் நாடாவை ஒட்டி, அதன்மேல் பட்டையை வைத்து இறுக்கினேன். இறுக்க இறுக்க நாடா ஓரத்தால் பிதுங்கி வந்தது. அப்படிப் பிதுங்கினால்தான் இடைவெளி நிரம்பியிருக்கிறது என்று அக்கா தனிமடலில் சொன்னது அப்போது விளங்கியது. ஐந்து விளக்குகளையும் புதிதாக்கி அதே முறையில் பொருத்தினேன். கூரையிலுள்ள இணைப்புகளுக்குத் தானே சமமாகப் பரவும் பூச்சும், நெற்றிச் சுவருக்கு வழியாத பூச்சும் இட்டேன்.

கடந்த வியாழன் இரவு பெரிய மழை. இரண்டு மணிக்கு எழும்பிப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டு விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு துளிகூட வரவில்லை. காலையிலும் மானி 12தான் காட்டியது.

பின்னால் நான்கு ரயர்களும் புதியவை, பிரேக் எண்ணெயும் மாற்றியாயிற்று. சாண்ட்பாங்ஸ் பதிவை விட்டுக்கொடுத்துவிட்டேன். நான்கு இரவுகள் என்பது முதல் பயணத்துக்குக் கூடுதல் என்று இப்போது தெரிகிறது. பிரைற்றன் அருகே பிரெஸ்கீல் பூங்காவில் ஓகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு இரவுகள் கிடைத்திருக்கின்றன. அங்கே எது பிழைத்தாலும் 401ஆம் நெடுஞ்சாலையால் ஒன்றரை மணி நேரத்தில் வீடு. வாயுவையும் பிரிட்ஜையும் இன்னும் தொடவில்லை.

நெய்தல் | ஜூன் 10

வாயுவை நான் சொல்கிறேன். வீடுகளுக்கு ஹீட்டர் பொருத்துவது என் தொழில். முதலில் எச்சரிக்கை மணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வாயுக்கசிவு மணிக்கு ஆயுள் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். பச்சை விளக்கு எரிந்தாலும் காலம் கடந்திருந்தால் அதை நம்ப முடியாது. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் அந்த மணி தரையோரம் இருக்கும், அதன்முன் செருப்பையோ பையையோ குவிக்க வேண்டாம். காபன் மொனொக்சைட் மணி தனியாக வேண்டும். குழாய் இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்க்கலாம், குமிழ் வந்தால் கசிவு. ஆனால் நான்கு ஆண்டுகள் நின்ற வாகனமென்றால் உரிமம் பெற்ற தொழிலாளி ஒருவரைக் கொண்டு அழுத்தச் சோதனை செய்துவிடுவதே முறை. பெற்றோல் நிரப்பும் நிலையத்துக்குள் நுழையுமுன் பிரிட்ஜ் உட்பட எல்லாச் சுடரையும் அணைத்துத் தொட்டியின் வால்வையும் மூடிவிடுங்கள். அடுப்பு எரியும்போது கூரைக் காற்றுப்போக்கியும் ஒரு யன்னலும் திறந்திருக்க வேண்டும். குளிருக்காக அடுப்பை மூட்டிவிட்டுத் தூங்கவே கூடாது.

பிரிட்ஜ் வீட்டிலுள்ளது போன்றதன்று. அதில் கம்பிரசர் கிடையாது. அமோனியாவும் நீரும் ஐதரசனும் மூடிய குழாய்களுக்குள் இருக்கின்றன. ஒரு சிறு சுடரோ மின்கம்பியோ கீழே சூடாக்க, அமோனியா ஆவியாகி மேலேறிக் குளிர்ந்து, தன் எடையாலேயே இறங்கிவருகிறது. இறங்கிவர வேண்டும் என்பதால்தான் வாகனம் சமதளத்தில் நிற்க வேண்டும். சரிவில் நிறுத்தி நீண்ட நேரம் இயக்கினால் திரவம் தேங்கி, கீழே சூடு மிஞ்சி, குழாய் நிரந்தரமாக அடைபடும். சில்லின் கீழே வைக்கும் ஆப்பும் ஒரு சிறு மட்டக்கோலும் எப்போதும் வாகனத்தில் இருக்கட்டும். இது மிக மெதுவாகவே குளிரும். புறப்படும் நாளுக்கு முதல் நாளே மூட்டிவிடுங்கள். வெளிப்புறக் கதவைத் திறக்கும்போது அமோனியா நெடியடித்தாலோ மஞ்சள் தூள் தெரிந்தாலோ அணைத்துவிட்டு எட்டிநில்லுங்கள், அந்தப் பிரிட்ஜ் முடிந்தது.

வடலி | ஓகஸ்ட் 6

அம்மா காட்டில் இரண்டு இரவுகள் தூங்கிவிட்டார். அதை முதலில் எழுத விரும்பினேன்.

யூலையில் இரண்டு வார இறுதிகள், வீட்டு முன்றலிலேயே, வீட்டுக்குள் போவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு நால்வரும் அதற்குள் வாழ்ந்து பழகினோம். அந்த நான்கு இரவுகள் கற்றுத்தந்ததைக் கையேடுகள் தரவில்லை. நீர்த்தொட்டியை வெளிற்றும் திரவத்தால் சுத்தப்படுத்தியதும் (57 லீற்றருக்குக் கால் கோப்பை என்ற அளவில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மணம் போகும்வரை அலசினேன்) அங்கேதான். எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னும் பம்ப் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை உறுமியதால், கழிப்பறையின் பின்னால் ஓர் இணைப்பு கசிவதைக் கண்டுபிடித்தேன். பூங்காவில் அது நடந்திருந்தால் நள்ளிரவில் தரை நனைந்திருக்கும்.

சாரதிப் பயிற்சிக்காக ஒரு ஞாயிறு காலை வெறுமையாக இருந்த பெரிய தரிப்பிடம் ஒன்றுக்குப் போய்ப் பிளாஸ்ரிக் கூம்புகளை வைத்துப் பழகினேன். பின்னச்சுக்குப் பின்னால் வால் நீளமாக இருப்பதால், வலப்பக்கம் ஒடித்துத் திருப்பும்போது வாலின் இடது மூலை வெளியே வீசுகிறது. மூன்று கூம்புகளை அந்த மூலை தட்டிவிட்ட பிறகே அது எனக்குப் பிடிபட்டது. உயரம் 3.4 மீற்றர் என்று எழுதிச் சாரதியின் கண்ணெதிரே ஒட்டியிருக்கிறேன்.

கழிவுத்தொட்டி பற்றி நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கழிப்பறைக் கழிவுத்தொட்டியின் வெளியேற்றும் வால்வை எப்போதும் மூடியே வைத்து, தொட்டி முக்கால் பங்கு நிறைந்த பின்னரே திறக்க வேண்டும். திறந்தே வைத்தால் நீர் ஓடிவிட, திண்மம் கீழே குவிந்து இறுகிவிடும். நாங்கள் தண்ணீரால் கழுவுபவர்கள் என்பதால் தாள் அடைக்கும் தொல்லை எங்களுக்கு வரவில்லை, ஆனால் தொட்டி நான் எண்ணியதைவிட விரைவாக நிறைந்தது. திரும்பும் வழியில் பூங்காவின் கழிவகற்றும் நிலையத்தில் முதலில் மலத்தொட்டியையும், பிறகு குளியல், சமையல் நீர் தேங்கும் சாம்பல்நீர்த் தொட்டியையும் திறந்தேன். இரண்டாவதன் சவர்க்கார நீர் குழாயைக் கழுவிவிடுகிறது. கையுறையோடு பத்து நிமிட வேலை, பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

நெடுஞ்சாலை | ஓகஸ்ட் 7

மகிழ்ச்சி தம்பி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தண்ணீர், பெற்றோல், ஆட்கள், பண்டபாத்திரம் எல்லாவற்றோடும் பாரவூர்தி நிலையத் தராசில் ஒருமுறை ஏற்றி, முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லீற்றர் தொட்டியை நிரப்பினால் இரண்டு பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். பூங்காவில் தண்ணீர் கிடைக்குமென்றால் கால் தொட்டியோடு புறப்படுங்கள்.

ஏரிக்கரை | ஒக்ரோபர் 2

தம்பி, நன்றியறிதல் நாள் வாரத்துக்குப் பிறகு எந்த இரவும் உறைபனி விழலாம். அதற்குள் நீர்க்குழாய்களைக் குளிர்காலத்துக்கு ஆயத்தம் செய்துவிடுங்கள். தொட்டிகளையும் சுடுநீர்க் கொதிகலனையும் வெறுமையாக்கி, கொதிகலனைத் தவிர்த்துச் செல்லும் வால்வைத் திருப்பிவிட்டு, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தைப் பம்பினால் இழுத்து, ஒவ்வொரு குழாயிலும் அந்த நிறம் வரும்வரை திறந்துவிட வேண்டும். வால்வைத் திருப்ப மறந்தால் கொதிகலனை நிரப்பவே இருபது லீற்றருக்கு மேல் வீணாகும். சரியாகச் செய்தால் பத்து லீற்றருக்குள் முடியும். எஞ்சினுக்கு ஊற்றும் பச்சைத் திரவம் நஞ்சு, அதைக் குடிநீர்க் குழாயில் விடவே கூடாது. ஒவ்வொரு கழுவுதொட்டியின் வடிகுழாயிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள், கழிப்பறையிலும் ஊற்றுங்கள், வெளிப்புறக் குளிப்புக் குழாய் இருந்தால் அதை மறவாதீர்கள். நாங்கள் மறந்த ஆண்டில் அந்த ஒன்றுதான் வெடித்தது.

பற்றரியைக் கழற்றி உள்ளே எடுத்து முழுதாக நிரப்பிவையுங்கள். நிறைந்த பற்றரி கடுங்குளிரையும் தாங்கும், வெறுமையானது மைனஸ் ஏழு பாகையிலேயே உறைந்து வெடித்துவிடும். ஜெனரேற்றரை மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு ஹீட்டரைச் சுமையாகக் கொடுத்து இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். சும்மா விட்டால் பெற்றோல் காபரேற்றருக்குள் பிசினாகிவிடும். அது பெற்றோல் தொட்டி கால் பங்குக்குக் கீழே இறங்கினால் தானாக நின்றுவிடும். வாகனம் ஓட எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள், பழுதென்று எண்ண வேண்டாம்.

முதல்மழை | ஏப்ரல் 17

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். மார்க்கம் நகரில் 1999ஆம் ஆண்டு மோட்டார்ஹோம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். வடலி அண்ணா, உங்களுடையது குளிர்காலத்தைத் தாண்டிவிட்டதா? நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

வடலி | ஏப்ரல் 17

தாண்டிவிட்டது. போன சனிக்கிழமை பற்றரியை மாட்டி, உறைதடுப்புத் திரவத்தை அலசி வெளியேற்றிப் பம்பை இயக்கினேன். ஒரு நிமிடம் ஓடி நின்றது, இரண்டு மணி நேரம் கழித்தும் மீண்டும் உறுமவில்லை. இடது மூலையில் மானி 11 காட்டுகிறது. கோடை முடிவில் தராசிலும் ஏற்றினேன், பின்னச்சு அனுமதிக்கப்பட்ட எடைக்கு 180 கிலோ கீழே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வானிலை அறிக்கை மழை என்கிறது. அது உங்களுக்கு நல்லது, நாளை மாற்ற வேண்டாம். எஞ்சினை இயக்கிக் காட்டட்டும், ஆனால் அதற்கு முன் சாரதியின் மேலுள்ள மெத்தையைத் தூக்கிவிட்டு இரு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். சுவரில் ஓரிடத்தில் மட்டும் புதுத் தாள் ஒட்டியிருந்தால் ஏனென்று கேளுங்கள். பின்சில்லுகளின் இலக்கங்களைப் படிக்க ஓர் அட்டையும் கைவிளக்கும் கொண்டுபோங்கள். பிரிட்ஜை முதல் நாளே மூட்டி வைக்கும்படி விற்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

காலை பத்து மணிக்குப் பிறகு என்றால் நானும் வருகிறேன். ஏணியும் ஈரமானியும் என்னிடம் இருக்கின்றன.